நம்பிச் சொல்ல ஒரு ‘நம்பி’ இருக்கிறாரா?

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? மலைக்கோட்டை, அபிராமி அம்மன், கோட்டை மாரியம்மன்... அடுத்ததாகப் பூட்டு! ரயில் நிலையத்தை ஒட்டிய நாகல் நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே பூட்டுச் செய்து வந்தார்கள். மாங்காய் வடிவில் இருக்கும் பூட்டுக்கு மாங்காய்ப் பூட்டு என்றே பெயர். கைப்பூட்டுச் செய்கிறவர்கள் இப்போது குறைந்துவிட்டாலும், 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து, ஊரின் பெயர் நிலைத்துவிட்டது.

அதே நாகல் நகரில்தான் வரதராஜப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார். நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட சௌராஷ்டிர மக்கள் நிறைந்த பகுதி இது. வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி, கடைவீதியில் தமிழ் என்று இரண்டிலும் சரளமாகப் பேசுவார்கள். எந்த மொழியில் பேசினாலும், வரதன் சந்நிதியில் நிற்கும்போது பெண்கள் உதடு அசையாமல் மனத்துக்குள் பேசுவதைப் பார்க்கலாம். நீங்களும் உங்கள் ஊர்க் கோயிலில் அப்படித்தானே நிற்கிறீர்கள்?

‘பெருமாளே! உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. வேறு யாரிடம் போய் நான் சொல்வேன்?’

கணவரின் கடன், மாமியாரோடு மனத்தாங்கல், மகளுக்கு வரன் தட்டிப் போவது, மகன் சரியாகப் பேசாமலிருப்பது, உடம்பில் தட்டுப்படுகிற ஒரு கட்டி... இதையெல்லாம் வெளியில் சொன்னால் குடும்ப மானம் போய்விடுமே என்ற பயம். அதனால் கற்பூர ஆரத்தியின்போது அரை நிமிடம் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறோம். மனத்துக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு!

பெருமாளிடம் சொல்வது நல்லதுதான். ஆனால், பெருமாளிடம் மட்டும் சொன்னால் போதுமா? இதற்கு விடை காண, மூல வரதனின் ஊரான காஞ்சிபுரத்துக்குப் போய் வருவோம், வாருங்கள்!

வரதனோடு பேசியவர்

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கர்யம் செய்து வந்தார் திருக்கச்சி நம்பிகள். சென்னையை அடுத்த பூவிருந்தவல்லி அவருடைய ஊர். வைசிய குலத்தில் பிறந்தவர். அந்த ஊரின் பெயருக்கேற்ப, நந்தவனம் அமைத்துப் பூப்பறித்து வரதனுக்குச் சமர்ப்பித்தவர். அர்ச்சாமூர்த்தியாக எழுந்தருளியிருக்கும் பெருமாள் பேசுவதில்லை என்பது பொதுவிதி. ஆனால், விசிறி வீசிய நம்பிகளிடம் மட்டும் வரதன் வாய்திறந்து பேசினார் என்கிறது குருபரம்பரை.

அந்தச் சமயத்தில் காஞ்சியில் இருந்தவர், 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுஜர். அவரும் வரதனுக்குக் கைங்கர்யம் செய்தவர்தான். தினந்தோறும் சாலைக்கிணற்றிலிருந்து தீர்த்தம் சுமந்துவந்து பெருமாளுக்குச் சமர்ப்பிப்பார். சந்நிதிக்கும் அவருக்கும் இடையே தடை ஏதும் கிடையாது.

ஆனாலும், அவர் மனத்தில் சில சந்தேகங்கள் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தன. எதை நம்புவது, எந்த வழியில் போவது, யாரைக் குருவாகக் கொள்வது? பண்டிதர் கூட்டத்தில் கேட்டால் வாதம் வளரும், விடை கிடைக்காது. வீட்டில் சொல்லவும் முடியவில்லை. கடைசியில் திருக்கச்சி நம்பிகளிடம் போனார்.

‘‘ஸ்வாமி, என் மனத்தில் சில விஷயங்கள் இருக்கின்றன. தேவரீர்தான் பெருமாளிடம் விண்ணப்பித்து விடை பெற்றுத் தர வேண்டும்!’’ என்று வேண்டிக்கொண்டார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ‘என்ன சந்தேகம்? முதலில் என்னிடம் சொல், பிறகு பார்க்கலாம்’ என்று நம்பிகள் குடையவில்லை. அன்றிரவு ஆலவட்டம் வீசும்போது, ‘ராமானுஜருக்கு மனத்தில் ஏதோ இருக்கிறதாம்’ என்று மட்டும் விண்ணப்பித்தார். வரதன் ஆறு விடைகளை அருளினார். தாமே பரம்பொருள் என்பதும், உயிர் வேறு இறை வேறு என்பதும், சரணாகதியே வழி என்பதும், அடைக்கலம் புகுந்தவர்கள் கடைசி நேரத்தில் தம்மை நினைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதும், உடல் விழும்போது மோட்சம் உண்டு என்பதும் முதல் ஐந்து. ஆறாவது, பெரிய நம்பிகளைக் குருவாகப் பற்றிக்கொள் என்பது. இந்த ஆறையும் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் ராமானுஜரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார் நம்பிகள். கேள்விகள் வாயால் சொல்லப்படாமலேயே பதில்கள் வந்ததைக் கண்டு ராமானுஜர் உருகிப்போனார்.

சகோதரிகளே, யோசித்துப் பாருங்கள்! தினமும் சந்நிதிக்குத் தீர்த்தம் சுமந்தவர் ராமானுஜர். அவருக்கே, ‘பெருமாளிடம் நேராகச் சொன்னால் போதும்’ என்று வரதன் விட்டுவிடவில்லை. நம்பத் தகுந்த ஒரு மனிதர் மூலமாகத்தான் பதில் தந்தார். அப்படியிருக்க, ‘சாமியைத் தவிர யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று மனத்தைப் பூட்டி வைப்பது பக்தியாகுமா? நம் வேண்டுதலுக்கான விடையை, ஒரு தோழியின் வாயில் பெருமாள் வைத்து அனுப்பினால், அதைக் கேட்கும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம் அல்லவா?

பூட்டுக்குள் இருக்கும் பாடம்

அதற்காகப் பார்ப்பவர்களிடமெல்லாம் கொட்டிவிடலாமா? கூடாது! பூட்டு, திறக்காமலேயே இருப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல; சரியான சாவிக்கு மட்டும் திறப்பதற்காகச் செய்யப்பட்டது. பூட்டுக்குள் லீவர் எனப்படும் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு தகடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உள்ளே இருக்கும் தாழ் நகராது. நான்கு தகடுகள் சரியாக இருந்து ஐந்தாவது தவறினாலும், பூட்டு அசைந்துகொடுக்காது.

உங்கள் மனத்தைத் திறக்கத் தகுந்தவர் யார் என்று தெரிந்துகொள்ள, திருக்கச்சி நம்பிகளின் குணங்களையே ஐந்து தகடுகளாக வைத்துப் பாருங்கள்.

1. குடையாதவர்: நீங்கள் சொன்ன அளவுக்குக் கேட்டுக்கொள்வார். ‘அப்புறம்? அவர் என்ன சொன்னார்? நீ என்ன சொன்னாய்?’ என்று ருசி பார்க்கமாட்டார்.

2. கூட்டாதவர், குறைக்காதவர்: ‘கொஞ்சம் கோபமாகப் பேசினார்’ என்று நீங்கள் சொன்னதை, ‘கை ஓங்கினாராமே!’ என்று மாற்றமாட்டார்.

3. அடுத்தவர் ரகசியத்தை உங்களிடம் கொண்டுவராதவர்: இது மிக முக்கியம். நாத்தனார் வீட்டுச் சண்டையை உங்களிடம் சொல்பவர், உங்கள் வீட்டுச் சண்டையை நாத்தனாரிடம் சொல்ல எத்தனை நாளாகும்?

4. ஆதாயம் தேடாதவர்: உங்கள் பலவீனம் தெரிந்த பிறகும், அதை வைத்து அதிகாரம் செய்யாதவர். பெருமாளே தன்னோடு பேசுகிறார் என்று நம்பிகள் ஒருநாளும் கர்வப்பட்டதில்லை.

5. தன்னிடமே கட்டிப்போடாதவர்: நம்பிகளையே குருவாகக் கொள்ள ஆசைப்பட்டார் ராமானுஜர். நம்பிகள் அதற்கு இசையவில்லை. பெருமாளின் விடையும் பெரிய நம்பிகளைத்தான் காட்டியது. ராமானுஜர் புறப்பட்டுப்போய், மதுராந்தகத்தில் பெரிய நம்பிகளைச் சந்தித்து உபதேசம் பெற்றார். நல்ல தோழியும் அப்படித்தான். ‘இதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும், நான் கூட வருகிறேன்’ என்று சொல்வாள். ‘இதை உன் அண்ணனிடம் சொல்லிவிடு, அவர்தான் சரி’ என்பாள். எல்லாவற்றுக்கும் தன்னையே கேட்க வேண்டும் என்று நினைக்கமாட்டாள்.

இன்னொன்றும் கவனியுங்கள். ராமானுஜர் பிராமண குலம். நம்பிகள் வைசிய குலம். அந்தக் காலத்திலேயே ராமானுஜர் குலம் பார்க்கவில்லை, குணம் பார்த்தார். உங்கள் நம்பி, பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். பள்ளித் தோழியாக இருக்கலாம். வேறு சாதி, வேறு மதமாகவும் இருக்கலாம். கூடப் பிறந்தவளாகத்தான் இருக்க வேண்டும், நம்மைவிட வசதியானவளாக இருக்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போடாதீர்கள்.

பெண்ணுக்குப் பெண் துணை

‘இதெல்லாம் மகான்கள் கதை. எங்களைப் போல வீட்டுக்குள் இருக்கிற பெண்களுக்கு?’ என்று கேட்கிறீர்களா? அசோகவனத்தில் சீதாபிராட்டிக்குத் திரிசடை கிடைத்தாளே! சுற்றிலும் காவல், சுற்றிலும் பகை. அந்த அரக்கியர் கூட்டத்துக்குள்ளேயே ஒருத்தி தோழியானாள். போர்க்களத்தில் ராம லட்சுமணர்கள் நாகபாசத்தால் வீழ்ந்து கிடந்தபோது, சீதையைப் புஷ்பக விமானத்தில் ஏற்றிக்கொண்டுபோய் அந்தக் காட்சியைக் காட்டச் செய்தான் ராவணன். பிராட்டி கதறினாள். அப்போது திரிசடை வெறும் ஆறுதல் சொல்லவில்லை. இந்த விமானம் கணவனை இழந்தவளைச் சுமக்காது, உன்னைச் சுமக்கிறது என்றால் ராமன் உயிரோடு இருக்கிறான் என்று காரணம் காட்டித் தேற்றினாள் என்கிறது வால்மீகி ராமாயணம். ‘அழாதே, எல்லாம் சரியாகிவிடும்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். கண்ணீருக்கு நடுவே, நாம் பார்க்கத் தவறியதைப் பார்த்துச் சொல்பவள்தான் தோழி.

எந்த ரகசியத்தைக் காப்பது? எதை உடைப்பது?

இது வரை சொன்னது, ரகசியத்தைச் சொல்வது பற்றி. நம்மிடம் ஒருத்தி ரகசியம் சொன்னால், அதை என்ன செய்வது? இதற்கும் ராமானுஜர் வாழ்விலேயே இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன.

இளம் வயதில் அவர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டுவந்தார். சீடனின் அறிவு குருவுக்குப் பொறாமையைத் தந்தது. காசி யாத்திரை என்று அழைத்துப்போய், கங்கையில் தள்ளிவிடத் திட்டம் போட்டார்கள். இந்த ரகசியம் ராமானுஜரின் சித்தி மகனான கோவிந்தரின் காதுக்கு எட்டியது. அவரும் அதே குருவின் சீடர்தான். ‘குருவின் ரகசியம், நமக்கேன் வம்பு?’ என்று அவர் சும்மா இருந்துவிடவில்லை. விந்திய மலைக் காட்டுக்குள் போகும்போது, தனிமையில் ராமானுஜரிடம் விஷயத்தைச் சொல்லித் தப்பிக்க வைத்தார். அன்று கோவிந்தர் வாய்மூடி இருந்திருந்தால், வைணவத்துக்கு ராமானுஜர் ஏது?

ஆக, உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் தோழி, ‘வீட்டில் அடிக்கிறார், யாரிடமும் சொல்லாதே’ என்கிறாளா? ‘வாழவே பிடிக்கவில்லை’ என்கிறாளா? ஒரு குழந்தையிடம் யாரோ தவறாக நடக்கிறார்கள் என்று தெரியவருகிறதா? அங்கே வாய்மூடியிருப்பது விசுவாசம் ஆகாது. ‘இதை நான் தனியாகச் சுமக்கமாட்டேன், உதவி கேட்கப்போகிறேன்’ என்று அவளிடமே சொல்லிவிட்டு, உடனே உதவியை நாடுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநலத்துக்கு 14416 ஆகிய எண்களில் அழைத்தால் உதவி கிடைக்கும்.

இன்னொரு சம்பவம், நாம் எல்லோரும் அறிந்த திருக்கோஷ்டியூர் சம்பவம். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே இருக்கும் இந்தத் தலத்துக்கு, எட்டெழுத்து மந்திரத்தின் உட்பொருளைத் தெரிந்துகொள்ள ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார் ராமானுஜர். தண்டும் பவித்திரமுமாகத் தனியாக வரச் சொல்லியிருந்தார் திருக்கோஷ்டியூர் நம்பிகள். ராமானுஜரோ, கூரத்தாழ்வானையும் முதலியாண்டானையும் கூட்டிக்கொண்டு போனார். ‘தனியாகத்தானே வரச் சொன்னேன்?’ என்று நம்பிகள் கேட்க, ‘இவர்களே என் தண்டும் பவித்திரமும்’ என்றார். எப்பேர்ப்பட்ட நம்பிக்கை பாருங்கள்!

யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் நரகம் என்ற நிபந்தனையோடுதான் உபதேசம் நடந்தது. ராமானுஜரோ கோயிலின் மேலேறி நின்று, கூடியிருந்தவர்களுக்கெல்லாம் அதை வெளியிட்டார். கோபத்தோடு வந்த நம்பிகளிடம், ‘இத்தனை பேருக்கு நற்கதி கிடைக்குமென்றால், நான் ஒருவன் நரகம் போவது பெரிதா?’ என்றார். நம்பிகள் அவரைத் தழுவிக்கொண்டு, ‘எம்பெருமானார்’ என்று அழைத்தார்.

இந்தக் கதையைச் சொல்லி, ‘ராமானுஜரே ரகசியத்தை வெளியிட்டாரே!’ என்று வேடிக்கையாகச் சாக்குச் சொல்பவர்கள் உண்டு. அவர் வெளியிட்டது ஒரு மந்திரத்தின் பொருளை. ஒருவருடைய துக்கத்தை அல்ல. அதற்கான தண்டனையையும் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டார். வம்பு பேசும்போது நடப்பது என்ன? பேசுவது நாம், தண்டனை அனுபவிப்பது நம்மை நம்பிச் சொன்னவள்! வாயைத் திறக்குமுன், ‘இதை நான் சொன்னால் யாருக்கு அடி விழும்?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அடி அவளுக்கு விழும் என்றால், உங்கள் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டிய இடம் அதுதான்.

நீங்களும் ஒரு நம்பியாக...

நல்ல தோழி கிடைக்கவில்லையே என்று ஏங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் நீங்கள் இன்னொருத்திக்கு நம்பியாக இருங்கள்.

* தோழி பேச ஆரம்பித்தால், அடுப்பை அணைத்துவிட்டு, டி.வி.யை நிறுத்திவிட்டு உட்காருங்கள். திருக்கச்சி நம்பிகள் விசிறி வீசியதைப் போல, காது கொடுத்துக் கேட்பதும் ஒரு கைங்கர்யம்தான்.

* ‘எனக்கு இதைவிட மோசமாக நடந்தது’ என்று உங்கள் கதையை நடுவில் நுழைக்காதீர்கள்.

* ‘இதை என் கணவரிடம் மட்டும் சொல்லட்டுமா?’ என்று அவளிடமே அனுமதி கேளுங்கள். அவள் வேண்டாம் என்றால், வேண்டாம்தான்.

* வாட்ஸ்அப்பில் ரகசியம் வேண்டாம். எழுத்தில் போனது, குரல் பதிவாகப் போனது, அடுத்த நிமிடமே வேறொருவர் கைக்குப் போய்விடலாம். நேரில் சொல்லுங்கள்; கோயில் பிராகாரத்தில் சேர்ந்து நடக்கும்போது சொல்லுங்கள்.

* புதிய தோழி என்றால், முதலில் சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்தும் அது வேறு வழியாக உங்கள் காதுக்குத் திரும்பி வரவில்லை என்றால், அடுத்ததைச் சொல்லலாம்.

* உங்கள் நம்பிக்கை எங்காவது உடைந்துபோயிருந்தால், அதோடு எல்லோரையும் வெறுத்துவிடாதீர்கள். யாதவப்பிரகாசரிடம் ஏமாந்த பிறகும், ராமானுஜர் திருக்கச்சி நம்பிகளை நம்பினார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தரிசிக்க வேண்டிய தலங்கள்

திருக்கச்சி நம்பிகளின் திருநட்சத்திரம் மாசி மாதம் மிருகசீரிடம். அவர் பிறந்த பூவிருந்தவல்லியிலும் வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. நம்பிகளுக்கும் அங்கே சந்நிதி உண்டு. வயோதிகத்தால் காஞ்சிக்கு நடக்க முடியாமல் அவர் கலங்கியபோது, வரதனே அந்த ஊருக்கு வந்து காட்சி கொடுத்தார் என்பது தல வரலாறு. நம் ரகசியத்தைச் சுமந்தவர் தளர்ந்து நிற்கும்போது, நாம் அவர் வீடு தேடிப் போக வேண்டும் என்று பெருமாளே நடந்து காட்டியதாகத் தோன்றுகிறது அல்லவா?

திருக்கோஷ்டியூரில் மாசி மகத் தெப்ப உற்சவத்தின்போது, பெண்கள் விளக்கு வைத்து வழிபடுவது பிரசித்தம். குளக்கரையிலிருந்து ஓர் அகல் விளக்கை எடுத்துவந்து, அதில் காசும் துளசியும் வைத்து, சிறு பெட்டிக்குள் மூடிப் பூஜையறையில் வைத்து வேண்டிக்கொள்வார்கள். வேண்டுதல் நிறைவேறியதும், அந்த விளக்கோடு இன்னொரு விளக்கையும் கொண்டுபோய்க் கரையில் ஏற்றுவார்கள். நேர்ந்துகொண்டவர் வைத்துவிட்டுப் போகும் விளக்கு, அடுத்து வேண்டிக்கொள்ளும் இன்னொரு பெண்ணின் கைக்குப் போய்ச் சேர்கிறது.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், நாகல் நகர் வரதனைப் போல உங்கள் ஊரிலேயே இருக்கும் பெருமாளிடம், வருகிற சனிக்கிழமை துளசி சாத்தி வேண்டிக்கொள்ளுங்கள். ‘என் துக்கத்தைத் தீர்த்து வை’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எனக்கு ஒரு நம்பியைக் காட்டு, என்னையும் ஒருத்திக்கு நம்பியாக்கு’ என்று சேர்த்துக் கேளுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, வெகுநாள்களாகப் பேசாமல் விட்ட தோழி யாராவது இருந்தால், அவளை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். உங்களைப் போலவே அவளும் சொல்ல ஆளில்லாமல் காத்திருக்கலாம்!